வாலில் பொருள், தலையில் அழுத்தம்: நோர்வேஜியக் கூட்டுச்சொற்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒஸ்லோவில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், புதிதாக வந்தவர்களுக்கு நோர்வேஜிய மொழி கற்பிக்கும் வேலைக்கு விண்ணப்பம் எழுதினார். அனுப்புவதற்கு முன் என்னிடம் கொடுத்து ஒருமுறை பார்க்கச் சொன்னார். இலக்கணம் சுத்தமாக இருந்தது. ஒரே ஓர் இடத்தில்தான் சிக்கல். 'நொஷ்க் லேரெர்' என்று நடுவில் இடம் விட்டு எழுதியிருந்தார். நொஷ்க் என்றால் நோர்வேஜியம், லேரெர் என்றால் ஆசிரியர். சேர்த்து எழுதினால் நோர்வேஜிய மொழி ஆசிரியர். பிரித்து எழுதினால் நோர்வேக்கார ஆசிரியர்; அவர் கணக்குப் பாடம் நடத்துபவராகக்கூட இருக்கலாம். விளக்கியதும் அக்கா சிரித்துவிட்டார். "பார் தம்பி, ஒரு வெற்றிடம் நான் பிறந்த ஊரையே மாற்றிவிட்டது."

நமக்கு இது புதிய சங்கதி அல்ல. 'வேலை கொடு' என்பதற்கும் 'வேலைக் கொடு' என்பதற்கும் நடுவில் நிற்பது ஒரேயொரு ஒற்று. முன்னதில் கேட்பது உத்தியோகம், பின்னதில் கேட்பது ஆயுதம். நாம் ஒற்றில் காட்டுவதை நோர்வேக்காரர் இடைவெளியிலும் அழுத்தத்திலும் காட்டுகிறார்கள். சொற்களைக் கோத்துக் கோத்து நீட்டுவதும், கோக்கும்போது நடுவில் ஓர் எழுத்தைச் செருகுவதும் தமிழருக்குக் கைவந்த கலை. நமக்குப் பழக்கமில்லாதது அழுத்தம் ஒன்றுதான். ஆகவே இந்தக் கட்டுரையில் அதற்குத்தான் அதிக இடம்.

தொடங்குவதற்கு முன் ஒரு குறிப்பு. நோர்வேஜியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில், ஒலியை ஒட்டி எழுதியிருக்கிறேன். பல்லைத் தொடும் ஒலிக்கு 'த' போட்டிருக்கிறேன். 'ட', 'ண' இரண்டையும் வேறொரு காரியத்துக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன், அது பின்னால் வரும். உதட்டைக் குவித்துச் சொல்லும் 'ஏ' போன்ற ஒலிகளுக்குத் தமிழில் எழுத்தில்லை. அவற்றைக் காதால்தான் பிடிக்க வேண்டும். எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்க மொழி ஆணையமான 'ஸ்ப்ரோக்ரோதெ'யும் பெர்கன் பல்கலைக்கழகமும் நடத்தும் இலவச இணைய அகராதி இருக்கிறது. நான் சொல்வதெல்லாம் 'பூக்மோல்' என்ற எழுத்துமுறைப்படி. மற்றோர் எழுத்துமுறையான 'நீநொஷ்க்' படிப்பவர்களுக்கும் அடிப்படை இதேதான்.

முதல் படி: வாலைப் பிடியுங்கள்

கூட்டுச்சொல்லின் கடைசி உறுப்புதான் அதன் உடல். முன்னால் இருப்பதெல்லாம் அடைமொழி. 'மெல்கெஷொக்கொலாதெ' என்பது பால் கலந்த சொக்லேட், கடித்துத் தின்பது. 'ஷொக்கொலாதெமெல்க்' என்பது சொக்லேட் கலந்த பால்; குடிப்பது. பொருள்கள் அதே இரண்டு, வரிசைதான் மாறியது. கடையில் எதை எடுத்தோம் என்பதைச் சொல்லின் வால் சொல்லிவிடும்.

பாலையும் விகுதியையும் தீர்மானிப்பதும் வால்தான். 'பார்ன்' (குழந்தை) அஃறிணைப் பால், அதற்கு முன்னால் 'எத்' வரும். 'ஹாகெ' (தோட்டம்) ஆண்பால், அதற்கு முன்னால் 'என்' வரும். இரண்டும் சேர்ந்து பாலர் பாடசாலையைக் குறிக்கும் 'பார்னெஹாகெ' ஆகும்போது குழந்தையின் பாலை யாரும் கேட்பதில்லை, 'என் பார்னெஹாகெ'தான். இதனால் ஒரு பெரிய நன்மை. சில நூறு அடிப்படைச் சொற்களின் பாலை மனப்பாடம் செய்துவிட்டால், அவற்றில் முடியும் ஆயிரக்கணக்கான கூட்டுச்சொற்களின் பால் தானாகவே தெரிந்துவிடும். அகராதியில் நீண்ட சொல் கிடைக்கவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். கடைசி உறுப்பைத் தேடிப் பாருங்கள், பாலும் பன்மையும் அங்கே இருக்கும்.

ஒஸ்லோவின் சுரங்க ரயிலில் ஏறுபவர் எவருக்கும் 'யேண்பானெதொர்கெ' நிலையம் தப்பாது. எல்லா வழித்தடங்களும் அந்த வழியாகவே போகின்றன. பெயரை வாலிலிருந்து உரித்துப் பாருங்கள். கடைசியில் குறித்த பொருளைச் சுட்டும் விகுதி. எழுத்தில் அதற்கு ஒரு 'த்' உண்டு, வாயில் கிடையாது. அதற்கு முன் 'தொர்க்', சதுக்கம். அதற்கு முன் 'யேண்பானெ', அதாவது 'யேண்' என்ற இரும்பும் 'பானெ' என்ற பாதையும். இருப்புப்பாதைச் சதுக்கம்! நம் பழைய தமிழ்ச் சொல்லும் அவர்கள் சொல்லும் ஒரே அச்சில் வார்த்தவை. இரும்பும் பாதையும் சேரும்போது தமிழ் 'ம்'மை விழுங்கி 'ப்'பைக் கொண்டுவருகிறது. நோர்வேஜியம் இந்தச் சொல்லில் எதையும் தொடாமல் அப்படியே ஒட்டுகிறது.

உறுப்புகளுக்கு இடையே என்ன உறவு என்பதைச் சொல் சொல்லாது. பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஃபிஸ்கெகாக்கெ' மீனால் செய்த கேக் போன்ற வடை. 'பார்னெஹாகெ' குழந்தைகளால் செய்ததல்ல, குழந்தைகளுக்கானது. இன்னொன்றில் எல்லோரும் வழுக்குவார்கள்: 'கஃபெகொப்' என்பது கோப்பி குடிக்கும் கோப்பை, வெறும் பாத்திரம். உள்ளே கோப்பி வேண்டுமென்றால் 'கொப் கஃபெ' என்று பிரித்து, வரிசையை மாற்றிச் சொல்ல வேண்டும். வேலையிடத்து இடைவேளையில் மாற்றிக் கேட்டால் காலிக் கோப்பையை நீட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

இரண்டாம் படி: ஒட்டியே எழுதுங்கள்

ஒரே பொருளைக் குறித்தால் ஒரே சொல்லாக எழுத வேண்டும். நீளத்தைப் பற்றிக் கவலையில்லை. பிரித்து எழுதும் பிழைக்கு 'ஸேர்ஸ்க்ரீவிங்' என்று பெயர். நோர்வேக்காரர்களே இதில் தாராளமாகத் தவறுவார்கள், ஒருவரையொருவர் கேலியும் செய்வார்கள். ஆங்கிலத்தின் பாதிப்பு என்று திட்டுபவர்கள் உண்டு. கைப்பேசியின் தானியங்கித் திருத்தத்தின் மீதும் பழி விழுவதுண்டு.

கேலிக்குக் காரணம் இருக்கிறது. 'லம்மெலோர்' என்றால் ஆட்டுக்குட்டித் தொடை இறைச்சி. 'லம்மெ லோர்' என்று பிரித்தால் செயலிழந்த தொடைகள். 'ரெய்க்ஃப்ரித்' என்றால் புகை இல்லாத இடம். பிரித்து எழுதினால் 'தாராளமாகப் புகைபிடி' என்ற கட்டளை. 'ஸ்தெக்த் ஷில்லிங்லேவெர்' பொரித்த கோழி ஈரல். கோழிக்கும் ஈரலுக்கும் நடுவில் இடம் விட்டால் 'பொரித்த கோழி உயிரோடிருக்கிறது' என்றாகிவிடும், ஏனென்றால் 'லேவெர்' ஈரலும்தான், 'வாழ்கிறது' என்ற வினையும்தான்.

சிறு கோடு தேவைப்படும் இடங்கள் சில உண்டு. முதல் உறுப்பு சுருக்கெழுத்தாக இருந்தால் கோடு வரும்: அரசின் வேலை, நலத்துறை அலுவலகம் 'நாவ்-கொந்தூர்', சுரங்க ரயில் 'தே-பானெ'. அடுத்தது, நேரம் மிச்சம் பிடிக்கும் கோடு. 'பார்னெஸ்கூலெ'யும் 'உங்தும்ஸ்கூலெ'யும் சேர்ந்து வரும்போது 'பார்னெ- ஒ உங்தும்ஸ்கூலெ' என்று எழுதுவார்கள். முதல் சொல்லின் பின்னால் தொங்கும் கோடு, 'மீதி அடுத்த சொல்லில் வருகிறது' என்று சொல்கிறது. அதை அச்சுப்பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். நான் அழித்திருக்கிறேன்.

மூன்றாம் படி: சாரியையைக் கவனியுங்கள்

புளியும் காயும் சேர்ந்தால் புளிகாய் அல்ல, புளியங்காய். நடுவில் வந்த 'அம்' சாரியை. நோர்வேஜியத்திலும் சாரியை உண்டு. அவர்கள் 'ஃபூகெ' என்பார்கள். பெரும்பாலும் இரண்டே இரண்டு: ஒன்று 'ஸ்', மற்றது 'எ'. எதுவும் இல்லாமலும் ஒட்டும்.

எதுவும் வேண்டாதவை: 'ஹூஸ்லெய்யெ' (வீட்டு வாடகை), 'பூக்ஹில்லெ' (புத்தக அலுமாரித் தட்டு), 'ப்லூத்ரிக்' (இரத்த அழுத்தம்). முதல் உறுப்பு அழுத்தமில்லாத 'எ'யில் முடிந்தாலும் பொதுவாக ஒன்றும் வேண்டாம். 'ஸ்கூலெ'யும் 'செக்'கும் அப்படியே ஒட்டிப் புத்தகப் பை ஆகின்றன.

'எ' வருபவை: குழந்தை, பையன், குதிரை, மீன் போன்ற ஓரசைச் சொற்கள் பலவற்றுக்குப் பின்னால். 'பார்ன்-எ-ஹாகெ', 'ஹெஸ்த்-எ-ஸ்கூ' (குதிரை லாடம்), 'சீக்-எ-ஹூஸ்' (வைத்தியசாலை, நேர்ப்பொருள் நோய்வீடு). வினையில் தொடங்கும் சொற்களிலும் ஓர் 'எ' தெரியும்: 'ஸ்பீசெபூர்' (சாப்பாட்டு மேசை), 'ஸ்க்ரீவெபூர்' (எழுதுமேசை), 'வஸ்கெமஷீன்' (சலவை இயந்திரம்). ஊறுகாய், சுடுசோறு என்று நாம் வினைத்தொகை கட்டுவது போலத்தான். யார் ஊறினார், எப்போது ஊறியது என்ற கேள்விக்கே இடமில்லை.

'ஸ்' வருபவைதான் அதிகம் தேவைப்படும். சில விகுதிகளில் முடியும் சொற்களுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு 'ஸ்' போடலாம்: '-இங்', '-ஹேத்', '-தும்', '-ஷூன்', நட்பு போன்ற பண்புப் பெயர்களில் வரும் '-ஸ்காப்'. 'ஃபொஷிக்ரிங்-ஸ்-செல்ஸ்காப்' காப்புறுதி நிறுவனம், 'ஷார்லிஹேத்-ஸ்-ப்ரேவ்' காதல் கடிதம். 'உங்தும்ஸ்கூலெ'யை எழுதிப் பார்த்தால் இரண்டு 'ஸ்' வரும். முதலாவது சாரியை, இரண்டாவது பள்ளிக்கூடத்தின் முதல் எழுத்து. வாயில் ஒன்றாகக் கேட்கும், கையில் இரண்டையும் எழுத வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விதி இது. வைன் கிளாஸ் 'வீன்க்லஸ்', சாரியை இல்லை. சிவப்பு வைன் கிளாஸ் 'ரேவீன்ஸ்க்லஸ்', நடுவில் 'ஸ்' வந்துவிட்டது. முதல் உறுப்பே கூட்டுச்சொல்லாக இருந்தால், அது முடியும் இடத்தைக் காட்ட 'ஸ்' வர விரும்புகிறது. அலுமாரிக் கதவு 'ஸ்காப்தேர்'; குளிர்சாதனப் பெட்டிக் கதவு 'ஷேலெஸ்காப்ஸ்தேர்'. அதாவது அந்த 'ஸ்', 'இதுவரை ஒரு கட்டு, இனி அடுத்த கட்டு' என்று முடிச்சுப் போடுகிறது. எப்போதும் அல்ல. கால்பந்து 'ஃபுத்பல்' கூட்டுச்சொல்தான், ஆனால் கால்பந்து அணி 'ஃபுத்பல்லாக்', 'ஸ்' கிடையாது. 'எ'யில் முடியும் 'பார்னெஹாகெ'யும் அப்படியே. அங்கே கிடைக்கும் இடம் 'பார்னெஹாகெப்லஸ்'.

விதிக்கு அடங்காமல் சொல்லுக்குச் சொல் மாறுவதற்கு 'லன்' (நாடு, நிலம்) ஒன்றே போதும். தேசிய அணி 'லன்-ஸ்-லாக்'. விவசாயம் 'லன்-ப்ரூக்'. நாட்டுப்புறச் சாலை 'லன்-எ-வெய்'. ஒரே தலை, மூன்று விதமான மூட்டு. இதற்குக் காரணம் தேடிக் காலத்தை வீணாக்காதீர்கள். கூட்டுச்சொல்லை முழுதாக மனப்பாடம் செய்யுங்கள். சந்தேகம் வந்தால் அகராதியில் அதே முதல் உறுப்பில் தொடங்கும் மற்ற சொற்களைப் பாருங்கள்.

நான்காம் படி: எழுத்து விழும் இடமும் வரி முறியும் இடமும்

ஒரே மெய்யெழுத்து மூன்று முறை அடுத்தடுத்து வர நோர்வேஜியம் விடாது. 'நத்' (இரவு) இரட்டைத் 'த்'தில் முடிகிறது, 'தோக்' (ரயில்) 'த்'தில் தொடங்குகிறது. சேர்த்தால் மூன்று. ஒன்றைக் கெடுத்து, இரண்டோடு 'நத்தோக்' என்று எழுதுவார்கள். பஸ் சாரதிக்கான 'புஷ்ஷோஃபேர்' என்ற சொல்லில் 'புஸ்'ஸின் இரண்டு எழுத்தும் 'ஷோஃபேர்' தொடங்கும் எழுத்தும் மூன்றாகச் சேரும். அங்கும் ஒன்று போய்விடும். நம் இலக்கணத்தில் இது கெடுதல் விகாரம்.

வேடிக்கை என்னவென்றால், வரி முடிவில் சொல்லை முறித்தால் கெட்ட எழுத்து உயிர்பெற்று வந்துவிடும். மேல் வரியில் இரண்டு 'த்'தோடு இரவு, கோடு, கீழ் வரியில் மூன்றாவது 'த்'தோடு ரயில். இதே விதி 'க்லஸ்கோல்' என்ற சொல்லில் ஒரு குழப்பத்தையும் உண்டாக்குகிறது. அது கண்ணாடிக் கிண்ணமாக இருக்கலாம், 'க்லஸ்' என்ற கண்ணாடியும் 'ஸ்கோல்' என்ற கிண்ணமும். எழுத்தை மட்டும் பார்த்தால் கண்ணாடிக் கோவா என்றும் வாசிக்கலாம், ஏனென்றால் 'கோல்' என்றால் கோவா. கண்ணாடியில் கோவா விளைவதில்லை என்பதால் பிழைத்தோம்.

வரி முறிப்பதற்கு முதல் விதி: மூட்டில் முறியுங்கள். சாரியை எப்போதும் முதல் உறுப்போடு மேல் வரியிலேயே தங்கும். 'அர்பெய்த்ஸ்-ப்லஸ்' (வேலையிடம்) என்று முறிக்கலாம், 'அர்பெய்த்-ஸ்ப்லஸ்' என்று முறிக்கக் கூடாது. தனிச் சொல்லுக்குள்ளே முறிக்க நேர்ந்தால் ஒரே ஒரு மெய் கீழே போகட்டும்: 'ஹொ-தெல்'. மூட்டைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 'பீல்தேலெர்' சாட்சி. 'பீல்-தேலெர்' என்றால் கார் உதிரிப்பாகங்கள். அதே எழுத்துகளை 'பில்தெ-லேர்' என்று முறித்தால் 'படம் சிரிக்கிறது' என்று வாசிக்கும்படி ஆகிவிடும். 'குல்தூர்ஊக்கெ' கலாசார வாரம். முதல் மூன்று எழுத்துக்குப் பின் வெட்டினால் 'கூல் தூர்ஊக்கெ', அட்டகாசமான நடைப்பயண வாரம். இந்த நாட்டில் இரண்டாவதற்குத்தான் கூட்டம் அதிகமாக வரும் என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: தலையை அழுத்துங்கள்

இப்போது வாய்க்கு வருவோம். தமிழில் சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. நாம் எல்லா அசைக்கும் ஏறத்தாழ சமமான மரியாதை கொடுத்துப் பேசுகிறோம். அதே பழக்கத்தில் நோர்வேஜியக் கூட்டுச்சொல்லைச் சொன்னால் கேட்பவருக்கு அது தனித்தனிச் சொற்களின் குவியலாகக் கேட்கும். முதல் குளிர்காலத்தில் பஸ் சாரதியிடம் 'சீக்கெ ஹூஸ்' என்று கடைசி அசையை ஓங்கிச் சொன்னேன். மூன்று முறை சொல்லியும் அவருக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற பாட்டி ஒருவர் 'சீ'யை மட்டும் நீட்டி, மீதியைத் தாழ்த்தி ஒருமுறை சொன்னார். உடனே சாரதி தலையசைத்தார். அத்தனை ஒலியும் என் வாயிலிருந்து சரியாகத்தான் வந்தது. நீளம் மட்டும் வேறு அசையில் விழுந்திருந்தது.

விதி சுருக்கமானது. முதன்மை அழுத்தம் முதல் உறுப்பில். இரண்டாம் தரமான சிற்றழுத்தம் பின்னுறுப்பில். பொருளுக்கு வாலைப் பிடித்தோம் அல்லவா, ஒலிக்குத் தலையைப் பிடிக்க வேண்டும்.

அழுத்தம் என்றதும் பலர் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். சத்தம் வேண்டாம், நேரம் கொடுங்கள். மாத்திரைக் கணக்கு தெரிந்த நமக்கு இது எளிது. நோர்வேஜியத்தில் அழுத்தம் விழும் அசை கட்டாயம் நீளும். உயிர் நெடிலாக வேண்டும், இல்லையென்றால் குறிலுக்குப் பின் வரும் மெய் இரட்டித்து நிற்க வேண்டும். 'தாக்' கூரை, 'தக்க்' நன்றி. பாடு, பட்டு என்ற வேறுபாடுதான். அழுத்தமில்லாத அசையில் இந்த நீளம் இருக்காது. எனவே 'பார்னெஹாகெ'யை இப்படிப் பயிலுங்கள்: 'பா'வுக்கு முழு நீளம், 'னெ' ஓட்டம், 'ஹா'வுக்குச் சற்றுக் குறைந்த நீளம், 'கெ' மூச்சு விடுவது போல. மேசையில் தட்டிப் பாருங்கள். ஒரு பெரிய தட்டு, ஒரு சிறிய தட்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'முதல் உறுப்பில்' என்றேன், 'முதல் அசையில்' என்று சொல்லவில்லை. முதல் உறுப்பு தனியாக நிற்கும்போது எங்கே அழுத்தம் பெறுமோ அங்கேயே கூட்டுச்சொல்லிலும் பெறும். பெற்றோல் 'பென்சீன்', அழுத்தம் 'சீன்' மேல். ஆகவே 'பென்சீன்ஸ்தஷூன்' என்ற பெற்றோல் நிலையத்திலும் முதன்மை அழுத்தம் 'சீன்' மேல்தான், சிற்றழுத்தம் 'ஷூன்' மேல். 'பொலித்தீஸ்தஷூன்' என்றால் 'தீ'. 'ஹொத்தெல்ரும்' என்றால் 'தெல்'. காப்புறுதி நிறுவனத்தில் 'ஷிக்'. அதேபோல் பின்னுறுப்பும் தன் இயல்பான இடத்தை விடாது: 'மஷீன்' என்பதில் 'ஷீன்' அழுத்தமானது, எனவே 'வஸ்கெமஷீன்' என்பதில் பெரிய தட்டு 'வஸ்', சிறிய தட்டு 'ஷீன்', நடுவில் 'கெம' விரைந்து போய்விடும். கிழக்கு நோர்வேயின் பேச்சு வழக்கில் 'பென்சீன்', 'பொலித்தீ' போன்ற சொற்களின் முதல் அசையையே அழுத்துபவர்களும் உண்டு. அதைக் கேட்டுத் திகைக்க வேண்டாம். நீங்கள் பின்பற்றவும் வேண்டாம்.

நீண்ட சொல்லை எதிர்கொண்டால் முதலில் பெரிய மூட்டைக் கண்டுபிடியுங்கள். வதிவிட அனுமதி எடுக்கும் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே அறிமுகமாகும் சொல் 'ஒப்ஹொல்ஸ்தில்லாதெல்செ'. முடிச்சுப் போட்ட 'ஸ்' எங்கே? 'ஒப்ஹொல்' என்ற தங்கலுக்குப் பின்னால். ஆகவே இரண்டு கட்டு: 'ஒப்ஹொல்ஸ்', 'தில்லாதெல்செ'. பெரிய தட்டு 'ஒப்', சிறிய தட்டு 'தில்'. மீதி நான்கு அசைகளை நம்மூர் ஆச்சிமார் சுருட்டிப் பேசுவது போலச் சுருட்டிவிடுங்கள். மொழி வேடிக்கைக்காக எல்லோரும் எடுத்துக்காட்டும் அறுபது எழுத்துச் சொல் ஒன்று உண்டு. குறைகடத்திகளில் சிறுபான்மை மின்னேற்றத் துகள்களின் பரவல் கெழுவை அளக்கும் கருவி என்பது அதன் பொருள். அதற்கும் இதே முறைதான். அதை எந்த அலுவலகத்திலும் உங்களிடம் கேட்க மாட்டார்கள்.

கூட்டுச்சொல்லையும் சொற்றொடரையும் காது எப்படிப் பிரிக்கிறது என்பதும் இப்போது விளங்கும். அக்காவின் விண்ணப்பத்துக்கே திரும்புவோம். மொழி ஆசிரியர் என்றால் பெரிய தட்டு 'நொஷ்க்' மேல், 'லேரெர்' தாழ்ந்து வரும். நோர்வேக்கார ஆசிரியர் என்றால் 'லேரெர்' நன்றாக ஓங்கும். சேர்த்து எழுதுவதா பிரிப்பதா என்று சந்தேகம் வந்தால், நோர்வேக்காரர் ஒருவரை அந்தச் சொல்லை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே பெரிய தட்டு முன்னால் கேட்டால் பெரும்பாலும் ஒரே சொல்தான்.

விதிவிலக்குகள் பண்டிகைகளில் கூடியிருக்கின்றன. நத்தார் முதல்நாள் 'யூல்அஃப்தென்', பெரிய வெள்ளி 'லங்ஃப்ரேதாக்', புத்தாண்டு 'நித்தோர்'. மூன்றிலும் அழுத்தம் பின்னுறுப்பில். ஆனால் நத்தார் மரமான 'யூலெத்ரே' ஒழுங்காக முன்னால் அழுத்தம் பெறுகிறது. ஊர்ப்பெயர்களில் 1641இல் நிறுவப்பட்ட 'கிறிஸ்தியான்சான்', 1742இல் நகரமான 'கிறிஸ்தியான்சுன்' இரண்டும் கடைசி அசையில் அழுத்தம் பெறும். அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் இரண்டுக்கும் வேறுபாடு அந்தக் கடைசி அசையில்தான் இருக்கிறது. எண்களும் அப்படியே. இருபத்தொன்று 'ஷூஏன்', அழுத்தம் 'ஏன்' மேல். 1951 ஜூலை முதலாம் திகதிக்கு முன் 'ஒன்றும் இருபதும்' என்று தலைகீழாக எண்ணுவதே முறை. தொலைபேசி எண்களைக் கேட்டு எழுதச் சிரமம் என்று அரசே மாற்றியது. வயதானவர்கள் சிலர் இன்னும் பழைய முறையில்தான் எண்ணுகிறார்கள்.

ஆறாம் படி: மூட்டில் ஒலி திரியும்

ஒதுக்கி வைத்த 'ட', 'ண' இங்கேதான். கிழக்கிலும் வடக்கிலும் 'ர்' ஒலிக்குப் பின் 'த்', 'ந்', 'ல்' வந்தால் இரண்டும் கலந்து நாமடி ஒலிகளாகிவிடும். 'பார்னெஹாகெ' வாயில் 'பாணெஹாகெ'. பயணச்சீட்டு அட்டையான 'கொர்த்' வாயில் 'கொட்'. 'ர்' உடன் 'ஸ்' சேர்ந்தால் 'ஷ்'. 'நொர்ஸ்க்' என்று எழுதுவது 'நொஷ்க்' ஆனது இப்படித்தான். மற்ற நாட்டவர்கள் இந்த ஒலிகளோடு மல்லுக்கட்டும்போது தமிழர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். தண்ணும் நீரும் சேர்ந்து தண்ணீர் ஆகும் மொழியில் பிறந்தவர்கள் நாம்.

இந்தத் திரிபு கூட்டுச்சொல்லின் மூட்டிலும் நடக்கும். 'வின்தெர்' (குளிர்காலம்), 'நத்' (இரவு) சேர்ந்தால் எழுத்தில் எதுவும் மாறாது, வாயில் 'வின்தெணத்'. கோடைநாளான 'சொம்மெர்தாக்' 'சொம்மெடாக்' போல ஒலிக்கும். தொண்டையில் 'ர்' உருட்டும் பெர்கன், ஸ்தவாங்கர் பக்கங்களில் இது கிடையாது. அங்கே குடியேறினால் அங்குள்ளபடி பேசுங்கள்.

இன்னொன்று சொல்லின் இராகம். 'பென்னெர்' என்ற ஒரே ஒலிக்கோவை ஒரு மெட்டில் விவசாயிகள், இன்னொரு மெட்டில் பயறு. கூட்டுச்சொற்களிலும் இந்த இரண்டு மெட்டு உண்டு. 'எ' சாரியை வந்தால் பெரும்பாலும் இரண்டாம் மெட்டு. ஆனால் ஊருக்கு ஊர் மெட்டு மாறுகிறது, வடக்கே ஃபின்மார்க்கின் சில இடங்களில் இந்த வேறுபாடே இல்லை. எனவே முதல் ஆண்டில் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நீளத்தையும் அழுத்தத்தையும் சரி செய்தால் மெட்டு இல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

பயிற்சிக்கு ஒரு சொல். 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து வந்த தமிழ் இளைஞர் பலர் விசா பெற்றது ஒரு வகைப் பள்ளியில் படிக்க: 'ஃபொல்க்கெஹேக்ஸ்கூலெ'. அங்கிருந்து அவர்களில் பலர் போய்ச் சேர்ந்தது வடக்கின் மீன் ஆலைகளுக்கு, 'ஃபிஸ்கெப்ரூக்'. முதல் சொல்லை உரியுங்கள். வாலில் 'ஸ்கூலெ', பள்ளி. அதற்கு முன் 'ஹேக்', உயர்ந்த. இவை இரண்டும் முதலில் சேர்ந்து 'ஹேக்ஸ்கூலெ' ஆகின்றன. தலையில் 'ஃபொல்க்', மக்கள். பின்னால் 'எ' சாரியை. பெரிய மூட்டு 'எ'க்குப் பின்னால். பெரிய தட்டு 'ஃபொல்க்', சிறிய தட்டு 'ஹேக்'. வரியில் முறிக்க வேண்டுமென்றால் 'ஃபொல்க்கெ' மேலே, 'ஹேக்ஸ்கூலெ' கீழே. இரண்டாவது சொல்லை நீங்களே உரித்துப் பாருங்கள். அதன் வாலை விவசாயத்தில் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள்.